குசினியில் கேட்ட இத்தாலிய மொழி

போன மாதம் காரக்கோணத்துப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் நர்ஸுகள். இத்தாலிக்கு வேலைக்குப் போவதற்காக நெய்யாற்றின்கரையில் ஒரு வகுப்பில் சேர்ந்து அந்த மொழியைப் படிக்கிறார்கள். கையில் தடித்த புத்தகம், காதில் மாட்டிக் கேட்கிற பாடம், வாரம் ஒரு பரீட்சை. மூத்தவள் பெயர் ஷீபா. அவள்தான் கேட்டாள்.

"மேடத்துக்கு இத்தாலியன் தெரியும்ணு எங்க மாமி சொன்னாவ. எங்க படிச்சீங்க?"

"குசினியில," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சமையலறையில் மொழி படித்ததாக விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள் போல. காப்பி குடித்துவிட்டு, பரீட்சைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். அவர்களிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் நர்ஸ் வேலை படித்தது ஒரு புராட்டஸ்டண்ட் மிஷன் ஆஸ்பத்திரியில். மூன்று வருஷம். கட்டில் விரித்தேன், கட்டுப்போட்டேன், பிரசவம் பார்த்தேன், திட்டு வாங்கினேன், தேறினேன். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வேலை கிடைத்தது வேறோர் இடத்தில். உதியன்குளங்கரையிலிருந்து குன்னத்துகாலுக்குப் போகிற வழியில், இரண்டு இத்தாலியக் கன்னியாஸ்திரீகள் நடத்திய எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரி அது. இப்போது அந்தக் கட்டடம் இல்லை.

என் அம்மா களியக்காவிளைக்கு அப்பால் ஓர் ஊரில் தனியாக இருந்தாள். எங்களுடையது பழைய மிஷன் சபைக் குடும்பம். கத்தோலிக்கரிடம் வேலைக்குப் போவது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

"போ மக்கா, வேலையில்லா," என்றாள். "ஆனா அவிய ஜெபமாலைய கையில தந்தா வேண்டாமிண்ணு சொல்லிரு. நம்ம சபை வேற ஆக்கும்."

அவர்கள் ஜெபமாலையைத் தரவில்லை. தந்தது ஒரு வெள்ளை ஏப்ரனும், புதுப் பெயரும்தான். என் பெயர் ரெத்தினபாய். மூத்தவரான சிஸ்டர் லெத்தீசியா அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ரேத்தினா" என்று வந்தது. உடனே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரைக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர் என்பதை ஏழெட்டு மாதம் கழித்து, அலமாரியில் இருந்த உடற்கூற்றுப் படத்தைத் துடைக்கும்போது கண்டுபிடித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

சிஸ்டர் லெத்தீசியா உயரமானவர், ஒல்லி, நாற்பது வயதிருக்கும். நர்ஸ் படிப்பு படித்தவர். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். சிஸ்டர் ஜெம்மா குட்டை, பருமன். குசினியும் தோட்டமும் அவர் பொறுப்பு. அவருக்கு இங்கிலீஷே வராது. நோயாளிகள் தமிழிலும் மலையாளத்திலும் சொல்வதை நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சிஸ்டர் லெத்தீசியாவுக்குச் சொல்வேன். அவர் சொல்வதைத் திருப்பி நோயாளிக்குச் சொல்வேன். ஆனால் அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசியது முழுக்க இத்தாலிய மொழிதான். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அது வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

மதியச் சாப்பாட்டை அவர்கள் மேசையில் சாப்பிடுவார்கள். நான் அடுத்த அறையில், குசினியில், முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வார்டு மணி கேட்க வேண்டும் என்பதற்காக நடுக்கதவு திறந்தே இருக்கும். அந்தக் கதவு வழியாகத்தான் மொழி வந்தது.

முதலில் புரிந்த சொல் 'குச்சீனா'. சிஸ்டர் ஜெம்மா என்னைக் கூப்பிட்டு அதைச் சொன்னதும் நான் நேராகக் குசினிக்குப் போனேன். அவருக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் அடுக்களையைக் குசினி என்றும் சொல்வோம் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்தது 'கியாவே'. அது சாவி. வீட்டுக்குள் போடும் செருப்பு 'சாபாத்தா'. எங்கள் ஊர்ச் சப்பாத்து. இவையெல்லாம் போர்ச்சுக்கீசியப் பறங்கியர் கப்பலில் வந்த சொற்கள் என்று பிறகு ஒரு வாத்தியார் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. யாரோ என் வீட்டுச் சாமான்களை இன்னொரு நாட்டில் கொண்டுபோய் வைத்திருப்பதுபோல் இருந்தது. சில சமயம் ஏமாந்தும் போனேன். 'தொவால்யா' கேட்டார்கள் என்று துவாலையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் கேட்டது மேசைவிரிப்பு.

எனக்குக் காது நன்றாக இருந்தது. அதற்குத் தமிழும் ஒரு காரணம். அவர்கள் மொழியில் பாலா என்றால் மண்வெட்டி, பல்லா என்றால் பந்து. இங்கிலீஷ்காரருக்கு அந்த வித்தியாசம் காதில் விழாதாம். 'படு'வும் 'பட்டு'ம் பேசி வளர்ந்தவளுக்கு அதில் என்ன கஷ்டம்? இன்னொன்றும் கவனித்தேன். சிஸ்டர் ஜெம்மா மரச்சீனிக் கிழங்கை, மரவள்ளியை, அவித்து மசித்து, மாவு சேர்த்து, விரல் நுனி அளவு உருண்டைகளாக உருட்டிச் சொளவு முறத்தில் பரப்புவார். அவர்கள் ஊரில் அதை உருளைக்கிழங்கில் செய்வார்களாம். இங்கே மரச்சீனி. ஒருநாள் எனக்கு ஒரு கிண்ணம் தந்து, முகத்தைப் பார்த்தபடி, "தி பியாச்சே?" என்று கேட்டார். 'உனக்குப் பிடிக்கிறதா' என்று. இங்கிலீஷில் 'நான்' விரும்ப வேண்டும். இத்தாலிய மொழியில் நம்மைப்போல் 'எனக்கு'ப் பிடிக்க வேண்டும். தலைவலியையும் நம்மைப்போலவே சொல்வார்கள், தலை எனக்கு வலி தருகிறது என்று. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வார்டில் சுற்றினேன். இரண்டு கட்டிலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறந்தும் போனேன்.

எனக்குப் புரிகிறது என்பதை நான் சொல்லவில்லை. திட்டம் போட்டு மறைக்கவும் இல்லை. முதலில் பத்துச் சொல் தெரிந்தது, அதைச் சொல்ல வெட்கம். பிறகு நூறு தெரிந்தது, சொல்லப் பயம். அப்புறம் அவர்கள் பேச்சே புரியத் தொடங்கியபோது சொல்லும் நேரம் கடந்துவிட்டது.

சிஸ்டர் லெத்தீசியா வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட மாட்டார். தவறு செய்தால் அந்தச் சாமானை நம் கையிலிருந்து மெல்ல வாங்கி, முதலிலிருந்து தானே செய்து காட்டி, திரும்ப நம் கையில் வைப்பார். பத்துத் தடவை தவறினாலும் பத்துத் தடவையும் அப்படித்தான். அது அடியைவிடக் கடுமை.

ஊசி கொதிக்க வைப்பதில் அவருடைய கணக்கு ஒன்று உண்டு. கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றி, குழலையும் தண்டையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். வெந்நீரில் போட்டால் கண்ணாடி கீறும். அடுப்பில் வைத்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதித்த நேரத்திலிருந்து இருபது நிமிஷம். வார்டிலிருந்தே அவர் கேட்பார்: "பொல்லே?" கொதிக்கிறதா என்று. குசினியிலிருந்து சிஸ்டர் ஜெம்மா, "பொல்லே," என்பார். அப்போதுதான் கடிகாரத்தைப் பார்ப்பார். நாளுக்கு நாலைந்து முறை இந்தக் கேள்வியும் பதிலும் நடக்கும்.

பெனிசிலின் அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. குப்பியில் தூளாக வரும். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊசியால் உள்ளே செலுத்தி, நுரை வராமல் உருட்டிக் கலக்க வேண்டும். எல்லா மருந்தையும் தன் கையால் கலக்கும் சிஸ்டர், இதை மட்டும் தொட மாட்டார். "நீ செய்," என்று குப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலருகே போய் நின்றுகொள்வார். ஒருமுறை ஊசி நுனியிலிருந்து ஒரு துளி அவர் மணிக்கட்டில் தெறித்தது. அவர் ஓடிப்போய்க் கை கழுவியதைப் பார்த்தேன். மறுநாள் மணிக்கட்டில் கட்டு இருந்தது. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதே சமயம் ஒரு மதியம், மேசையில் அவர் தணிந்த குரலில் சிஸ்டர் ஜெம்மாவிடம் ஏதோ சொன்னார். நான் கையில் உருட்டிய சோற்றை வாயில் போடாமல் கேட்டேன். 'நாவே' என்ற சொல் வந்தது. அது கப்பல். பள்ளிக்கூடத்தில் படித்த நாவாய் நினைவுக்கு வந்ததால் எனக்கு அது எளிது. 'பொல்லே' வந்தது. 'கோலா' வந்தது. கோலா தொண்டை. கடைசியில், யாரிடமும் சொல்லாதே என்றார். கப்பலில் யாரோ கொதிக்கக் கொதிக்க சூப் கொடுத்து இவர் தொண்டை வெந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். சூப்பை எப்போதும் ஆறவைத்துக் குடிக்கிறாரே, அதனால்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். இதில் யாரிடமும் சொல்லக் கூடாதது என்ன இருக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

திருவிதாங்கூரில் எல்லைப் போராட்டம் மூண்டது அந்த நாட்களில்தான், ஐம்பதுகளின் நடுவில். தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று மறு பக்கம். எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் யாருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அம்மாவைப் பார்க்கப் போன பஸ்ஸை ஒரு கூட்டம் நிறுத்தியது. ஓர் இளைஞன் ஏறி, "அக்கா, வீட்டுல என்ன பேசுவிய?" என்று கேட்டான். தமிழில் பதில் சொன்னேன். திரும்பி வரும்போது வேறொரு கூட்டம். "சேச்சி, வீட்டில் எந்தா பாஷ?" மலையாளத்தில் பதில் சொன்னேன். இரண்டும் பொய்யில்லை. எங்கள் வீட்டில் கோழியைத் தமிழில் கூப்பிடுவோம், பூனையை மலையாளத்தில் விரட்டுவோம். ஆனால் அந்த நாட்களில் வாயைத் திறந்ததுமே நாம் எந்தப் பக்கம் என்று எதிரில் நிற்பவர் முடிவு செய்துவிடுவார். அதனால் பஸ்ஸில் பலரும் வாய் திறக்காமலே பயணம் செய்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை சிஸ்டர் ஜெம்மா மாவும் மருந்தும் வாங்கத் திருவனந்தபுரம் போனார். மறுநாள் ஹர்த்தால். சாலையில் மரம் வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது. அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலை சிஸ்டர் லெத்தீசியா எழுந்திருக்கவில்லை. தொட்டால் கை சுட்டது. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு நாற்பது. சளி துருப்பிடித்த நிறத்தில் வந்தது. நிமோனியா என்று எனக்கே தெரிந்தது. எங்கள் அட்டெண்டர் தங்கையன் அண்ணன் நெய்யாற்றின்கரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் போனார். மதியம் போலீஸ் ஜீப்பில் ஏறி ஒரு சர்க்கார் டாக்டர் வந்து சேர்ந்தார். மலையாளி. ஐம்பது வயது, சட்டையெல்லாம் புழுதி. அதற்குள் சிஸ்டருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. இங்கிலீஷ் முற்றிலும் போய்விட்டது. நான் இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "பெனிசிலின் உண்டோ இவிடெ?"

"உண்டு, சார்."

"எடுக்கு. சீக்கிரம். ஜீப் காத்து நிக்குது."

குப்பியை எடுத்து வந்து கட்டிலருகே மேசையில் வைத்தேன். சிஸ்டரின் கண் அதன்மேல் விழுந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். உதடு அசைந்தது. "பொல்லே," என்றார். "பொல்லே... லா கோலா..."

"எந்தா பறயுந்நது?" என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"கொதிக்கிற தண்ணி கேக்குறாவ, சார். தொண்டைக்கு."

"கொடுக்கலாம். முதலில் சிரிஞ்ச் கொதிக்கட்டும்."

குசினிக்குப் போனேன். சிரிஞ்சைக் கழற்றித் துணியில் சுற்றி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரத்தையே பார்த்து நின்றேன். அடியில் சிறு முத்துக்கள் வந்தன. பிறகு பெரியவை. கொப்புளிக்கிறது என்று நினைத்தேன். தமிழில்தான் நினைத்தேன். அந்தச் சொல் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. தண்ணீரில் வந்தால் கொப்புளிப்பு. தோலில் வந்தால் கொப்புளம். நமக்கு இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வருகிறது. அவர்களுடைய 'பொல்லே'யும் அப்படி இருந்தால்? மணிக்கட்டில் தெறித்த துளி, மறுநாள் போட்டிருந்த கட்டு, ஜன்னலருகே போய் நின்றது, கப்பல், தொண்டை, யாரிடமும் சொல்லாதே. சூப் கதை முழுக்க நானே கட்டியது.

அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். சிஸ்டர் இன்னும் முனகிக்கொண்டிருந்தார். குனிந்து காதைக் கொடுத்தேன். "லா கோலா ஸி கியூதே. கோமே சுல்லா நாவே." கியூதே எனக்குத் தெரிந்த சொல். 'கியூதி' என்று சொல்லித்தான் சிஸ்டர் ஜெம்மா தினமும் என்னைத் தோட்டக் கதவைச் சாத்தச் சொல்வார். தொண்டை சாத்திக்கொள்கிறது. கப்பலில் நடந்ததுபோல.

"சார், பெனிசிலின் வேண்டாம்," என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "நீ நர்ஸாணோ, டாக்டராணோ?"

"நர்ஸுதான், சார். ஆனா சிஸ்டர் சொல்லுகது எனக்கு இப்பதான் மனசிலாச்சு. கப்பல்ல இத குத்தினப்ப மேலெல்லாம் கொப்புளம் வந்திருக்கு. தொண்டை அடச்சிருக்கு. அதத்தான் சொல்லுறாவ."

"சற்று முன் வெந்நீர் கேட்கிறார் என்று சொன்னாய்."

"அது தப்பு, சார். ரெண்டுக்கும் ஒரே சொல்லாக்கும்."

"இத்தாலியன் எங்கே படித்தாய்?"

"படிக்கல்ல, சார். இவிய பேசுகத கேட்டதுதான்."

அவர் கோபப்பட்டிருக்கலாம். வெளியே ஜீப்பின் ஹாரன் ஒருமுறை கேட்டது. "காய்ச்சலில் பிதற்றுவதை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்கிறாய்," என்றார் மெதுவாக. "சல்பா மாத்திரைதான் மிச்சம். அது தாமதமாகத்தான் பிடிக்கும். நான் போனால் திரும்ப வர முடியுமா என்று தெரியாது. இவர் போய்விட்டால் யார் பதில் சொல்வது?"

நான் சொல்வது தவறாக இருந்தால், கையருகே மருந்து இருந்தும் ஒரு மனுஷியைச் சாகவிட்டவள் ஆவேன். சிஸ்டர் அந்தக் குப்பியைத் தொடுவதே இல்லை என்பதையும், மணிக்கட்டில் துளி தெறித்த நாளையும் சொன்னேன். டாக்டர் சிஸ்டரின் கையை எடுத்துத் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். விரலிடுக்குகளில் தோல் கறுத்து, காய்ந்து, தடித்திருந்தது, மருந்து பட்டுப் புண்ணாகி ஆறிய தோல்போல. மணிக்கட்டிலும் அதே தடம். தினமும் பக்கத்தில் நின்ற நான் அதைப் பார்த்ததே இல்லை.

டாக்டர் குப்பியைத் தள்ளி வைத்தார். கேஸ் ஷீட்டின் தலைப்பில் சிவப்பு மையால், பெனிசிலின் கொடுக்கக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதி அடிக்கோடு இட்டார். சல்பா எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கீழே எழுதினார். "ஒவ்வொரு வேளையும் சோடா உப்புக் கரைத்த தண்ணீர். மூத்திரத்தை அளந்து எழுது. குறைந்தால் மாத்திரையை நிறுத்து," என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "நீ சொன்னது சரியாக இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சை எண்ணி எழுதினேன், மூத்திரத்தை அளந்து எழுதினேன். வெள்ளி மதியம் முப்பத்தெட்டு மூச்சு. பெனிசிலின் குப்பி அலமாரியில் இருந்தது. குத்தியிருந்தால் இதற்குள் இறங்கியிருக்குமோ என்று ஆயிரம் தடவை நினைத்தேன். தங்கையன் அண்ணன் வார்டு வாசலில் உட்கார்ந்து, "பயப்படாத மோளே, எறங்கும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை பிற்பகல் சிஸ்டருக்கு வியர்த்தது. போர்வையும் விரிப்பும் நனைந்தன. இரண்டு முறை மாற்றினேன். நாலு மணிக்கு மூச்சு இருபத்தாறு. கண் திறந்து என்னைப் பார்த்து, "ஆக்குவா," என்றார். தண்ணீர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டர் தானே சைக்கிளில் வந்தார். ஷீட்டைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை சிஸ்டர் ஜெம்மாவும் வந்து சேர்ந்தார். நான் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடந்தது உண்மை. கப்பலில் வரும்போது காய்ச்சலுக்கு அந்த ஊசி போட்டு, சிஸ்டர் லெத்தீசியா சாகக் கிடந்திருக்கிறார். பெனிசிலினைத் தொட முடியாத நர்ஸ் என்று தலைமை மடத்துக்குத் தெரிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து, கட்டிலில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும், சிஸ்டர் லெத்தீசியா தன் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். சிவப்பு எழுத்தில் அவர் விரல் நின்றது. என்னைப் பார்த்து, முதல்முறையாக, இத்தாலிய மொழியில் பேசினார்.

"து கபீஷி." உனக்குப் புரிகிறது.

"ஸீ," என்றேன்.

எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். அவர் முகம் சிவந்தது. இரண்டு வருஷம் அந்த மேசையில் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"உன்னை மரத்தலை என்று சொன்னது?" என்றார், இங்கிலீஷில்.

"அதுவும் புரிந்தது, சிஸ்டர்."

"என் அப்பா இறந்த கடிதம்?"

நான் தலையாட்டினேன். அந்த மதியம் அவர் சாப்பிடாமல் எழுந்தபோது, யாரும் சொல்லாமல் நான் காப்பி போட்டு அவர் அறை வாசலில் வைத்தேன். அதற்குக் காரணம் அவருக்கு இப்போதுதான் புரிந்தது. என்னைப் போகச் சொன்னார். நாலைந்து நாள் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. உயிரைக் காப்பாற்றினேன் என்ற நினைப்பு எனக்குள் கொஞ்சம் இருந்தது. அது அந்த நாட்களில் கரைந்துபோனது. கதவு திறந்திருந்தது என்பது கேட்பதற்கு அனுமதி ஆகாது.

மாதக் கடைசியில் கேஸ் ஷீட்டுகள் தலைமை மடத்துக்குப் போகும். அவருடையதை வேறு தாளில் அந்த வரி இல்லாமல் எழுதித் தருகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். அவர் என் கையிலிருந்து ஷீட்டை மெல்ல வாங்கினார். அந்தச் சிவப்பு வரியின் பக்கத்திலேயே, கப்பலில் நடந்ததையும் தன் கையால் எழுதினார். கையெழுத்திட்டார். உறையில் போட்டு என்னிடம் திருப்பித் தந்தார். "நாளைக்கு வேறு ஒருவர் குத்தினால்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர் இங்கேயே இருக்கலாம். ஊசி மருந்துப் பொறுப்பு மட்டும் என்னிடம். கடிதத்தைப் படித்த அன்று மதியம் மேசையில் மூன்றாவது தட்டு இருந்தது. நான் வழக்கம்போல முக்காலியை இழுத்தேன். "சியேதிதி," என்றார் சிஸ்டர் லெத்தீசியா, நாற்காலியைக் காட்டி. உட்கார் என்று. கேட்கிறவள் பதிலும் சொல்ல வேண்டும் என்றார்.

பதில் சொல்வது கேட்பதுபோல் எளிதாக இல்லை. வாரக்கணக்கில் உப்பு, தண்ணீர், நன்றி என்பதைத் தாண்டவில்லை. அதற்குள் எல்லை முடிவாகிவிட்டது. விளவங்கோடு தாலுகா மதராஸ் மாகாணத்துக்கு. நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு. எங்கள் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், அம்மாவின் வீடு மறு பக்கம். இங்கேயே இருப்பாயா, அங்கே போவாயா என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தமிழில் கேட்டவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, மலையாளத்தில் கேட்டவருக்கு ஒரு பதில். நான் இரண்டு பேரிடமும் சிரித்து மழுப்பினேன்.

ஒரு மதியம் சிஸ்டர் ஜெம்மா அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கு எந்தப் பதிலும் வேண்டியிருக்கவில்லை. தட்டில் கிழங்கு உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். அந்த மொழியில் எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தெரிந்த சொற்களை வரிசையாக வைத்தேன்.

"இல் மியோ லவோரோ ஏ குவீ. லா மியா மாத்ரே ஏ லா." என் வேலை இங்கே. என் அம்மா அங்கே.

இத்தனை மாதமும் யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. என்னிடமே சொன்னதில்லை. சிஸ்டர் ஜெம்மா கரண்டியைக் கீழே வைத்தார். சிஸ்டர் லெத்தீசியா என் பக்கம் திரும்பினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மியா மாத்ரே," என்றார். "முன்னால் 'லா' வேண்டாம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விரல்விட்டுச் சொன்னார். என் வீடு என்று சொன்னால் முன்னால் 'லா', 'இல்' என்று ஒரு சிறு சொல் வேண்டும். என் வேலைக்கு வேண்டும். என் ஊருக்கு வேண்டும், என் நாட்டுக்கும் வேண்டும்.

"அம்மாவுக்கு வேண்டாம்," என்றார். "திரும்பச் சொல்."

நான் திரும்பச் சொன்னேன்.